அரை கிளச்சு இல்லாத காரில் தாய்மாமன் சீர்

எந்த மோட்டாராக இருந்தாலும் சத்தத்தை வைத்தே அதன் கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று ஊருக்குள் ஜம்பம் அடித்துக்கொண்டு திரிந்தவன் நான். சின்னமனூரில் எங்களுக்கு மாவு மில். அரிசி, கேப்பை, மல்லி, மிளகாய் என்று நாள் முழுக்க அரைத்து அரைத்துக் காது பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் இந்த ஜம்பம். பெல்ட் வழுக்கினால் ஒரு சத்தம், பேரிங் போனால் ஒரு சத்தம், எல்லாம் எனக்கு அத்துப்படி. பக்கத்துத் தெருவில் தண்ணீர் மோட்டார் லேசாக இருமினால்கூட, டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவேன். (யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.)

அப்படிப்பட்ட நிபுணர் ஒரு கார் வாங்கினார்.

தேனி ஷோரூமில் வண்டியைக் காட்டிய பெண் நல்ல பொறுமைசாலி. "சார், இதுல கியரே கிடையாது. கூம்பு மாதிரி சக்கரங்க, நடுவுல ஒரு ஸ்டீல் பெல்ட். சக்கரம் விரியும், சுருங்கும். மேடோ பள்ளமோ, வண்டி தனக்கு வேணுங்கிறதைத் தானே எடுத்துக்கும். சிவிடின்னு பேரு" என்றது.

பெல்ட் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பெல்ட்டா? அது நம்ம சமாச்சாரமாச்சே!"

"இல்ல சார், இது ஆயிலுக்குள்ள இருக்கும். வெளிய தெரியாது."

"எங்கன இருந்தா என்னம்மா? பெல்ட்டுன்னா பெல்ட்டுதான்."

அதற்குப் பிறகும் அந்தப் பெண் ஏதோ சொன்னது. ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்து வண்டியைப் பிடித்து வைக்கக் கூடாது, பிரேக்கில்தான் நிறுத்த வேண்டும் என்று சொன்னதாக என் மனைவி செல்வி பிற்பாடு சத்தியம் செய்தாள். நான் அந்த நேரம் சீட் கவரில் மெரூன் நல்லா இருக்குமா, கறுப்பு நல்லா இருக்குமா என்ற பெரிய யோசனையில் இருந்தேன்.

டீக்கடையில் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். "சிவிடியா? பெல்ட்டு அந்துச்சுன்னா வண்டியை எடைக்குத்தேன் போடணும்" என்றார் ஒருவர். அவர் இதுவரை சைக்கிள் தவிர எதையும் ஓட்டியதில்லை. ஆனாலும் அந்தச் சொல் உள்ளே போய் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டது.

ஓட்டிப் பார்த்தால் அதன் குணமே வேறாக இருந்தது. முன்பு வைத்திருந்த பழைய கியர் வண்டியில் மிதித்தால் ஓடும். அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் உள்ள பேச்சு. இதில் மிதித்தால் முதலில் சத்தம் மட்டும் வரும். வேகம், பின்னாலேயே வேட்டியைச் சரிசெய்துகொண்டு வரும். ஓங்கி மிதித்தால் இன்ஜின் ஒரே சுருதியில் ஓலமிடும். வண்டி என்னவோ தன் நிதானத்தில்தான் போகும். மெதுவாக மிதித்தால் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும், உள்ளே இருப்பவனுக்குத் தூக்கம் வந்துவிடும். இந்த இரண்டாவது விஷயத்தை நான் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் மெதுவாக மிதிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

இந்த நேரத்தில்தான் என் தங்கை கவிதாவின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. கவிதாவைப் போடியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவர்களுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம். தோட்டத்துக்குள்ளேயே கருப்பசாமி கோயில், விசேஷமெல்லாம் அங்கேதான். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் கொண்டுவரும் கம்மலைத்தான் போட வேண்டும். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும்.

முதல் நாள் கவிதா போன் செய்தாள். அவளுடைய வளைகாப்புக்கு நான் மில்லில் ஒரு மோட்டாரை நோண்டிக்கொண்டிருந்து, சாப்பாட்டுப் பந்தி முடிகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவன். அதை அவள் மாமியார் இன்னும் மறக்கவில்லை.

"அண்ணே, இந்தத் தடவையும் லேட்டா வந்தீகன்னா, அப்புறம் எனக்கு இந்த வீட்டுல வாய் தொறக்க முடியாது. பெரிய மச்சான் ஜீப்பு அனுப்புறேங்கிறாக. அதுல வந்துருங்கண்ணே."

பெரிய மச்சான் என்பது அவள் கணவனின் அண்ணன். மலையேறி இறங்கியே வளர்ந்த மனுஷர், பழைய ஜீப் ஒன்று வைத்திருக்கிறார். அதில் சீர் கொண்டுபோவதா? வாசலில் புத்தம்புதுக் கார் மாலையோடு நிற்கும்போதா?

"ஜீப்பெல்லாம் வேணாம்த்தா. நம்ம கார்ல வாரோம். நீ மேளத்தை மட்டும் ரெடியா வையி" என்றேன். அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் எனக்கே ஓங்கி ஒன்று வைக்கத் தோன்றுகிறது.

அப்பாவும் அம்மாவும் அன்றைக்கே மலைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் காலை காரில் நான், செல்வி, என் பெரியப்பா என்று மூன்று பேர். ஆள் குறைவுதான், சாமான்தான் அதிகம். தட்டுத் தட்டாகப் பழம், பலகாரம், பட்டுப்பாவாடை, ஒரு வாழைத்தார், வெண்கலப் பானை. அது போதாதென்று, மில்காரன் சீர் என்றால் மில் வாசம் வர வேண்டாமா என்று, புதிதாக அரைத்த மிளகாய்த்தூள் ஒரு பெரிய டப்பா.

"இதைப் பின்னாடி டிக்கியில வச்சிருங்க" என்றாள் செல்வி.

"டிக்கியில வச்சா யாருக்குத் தெரியும்?" என்று அதைப் பின்சீட்டில், அவளுக்குப் பக்கத்திலேயே, வெண்கலப் பானையின் மேல் ஏற்றி வைத்தேன்.

போடி வரை ஒரு குறையும் இல்லை. முந்தல் தாண்டி மலை தொடங்கியதும் நான் வேறு ஆளாகிவிட்டேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டேன். முதல் கொண்டை ஊசி வளைவு. எதிரே ஒரு ஜீப் இறங்கியது. பல வருடப் பழக்கம். இரண்டாவது கியருக்கு மாற்றுவதற்காக இடது கால் கிளச்சைத் தேடிப் போனது. அங்கே கிளச்சு இல்லை. பிரேக்கின் பெடல் மட்டும் நல்ல அகலமாக, தோதாக இருந்தது. கிளச்சை மிதிக்கிற மாதிரியே அதை அடிவரை மிதித்தேன்.

வண்டி அந்த இடத்திலேயே ஆணி அடித்தது போல் நின்றது. பெரியப்பாவின் வெற்றிலைப்பெட்டி கண்ணாடியில் போய் மோதியது. பானை உருண்டது. டப்பா பறந்து வந்து முன்சீட்டில் இடித்து வாயைத் திறந்தது.

புதுக் காரில் ஏசி நன்றாக வேலை செய்தது. ஒரு நொடியில் அந்தத் தூளை எல்லோருக்கும் பாரபட்சம் இல்லாமல் பகிர்ந்து கொடுத்துவிட்டது.

"ஏலே... அச்! கண்ணைக் கொல்லுறியேடா... அச்! கதவைத் தொறடா!" என்று பெரியப்பா கத்தினார். ஜன்னல்களை இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினோம். செல்வி தும்மலுக்கு நடுவில் என்னைப் பார்த்த பார்வை, மிளகாயைவிடக் காரமாக இருந்தது.

இன்னும் கொஞ்சம் மேலே ஏறியதும் வண்டிகள் வரிசையாக நின்றன. வளைவில் ஒரு லாரி திரும்ப முடியாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. செங்குத்தான ஏற்றம். இங்கேதான் நான் என் வாழ்நாள் பெருமையை வெளியே எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில், ஒருவனுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று பார்க்க ஒரு பரீட்சை உண்டு. ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தை ஒட்டிப் பின்னால் தீப்பெட்டியை வைப்பார்கள். பிரேக்கைத் தொடாமல், கிளச்சைப் பாதி மட்டும் விட்டு, அந்த அரை கிளச்சிலேயே வண்டியை அந்தரத்தில் பிடித்து வைத்திருந்து, தீப்பெட்டி நசுங்காமல் மேலே எடுக்க வேண்டும். ஏற்றத்தில் பிரேக் போடுகிறவனை மலை டிரைவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் அந்தப் பரீட்சையில் இளவட்டத்திலேயே தேறியவன். இந்தக் காரில் கிளச்சு இல்லாவிட்டால் என்ன, ஆக்ஸிலேட்டர் இருக்கிறதே! அதை லேசாக மிதித்தபடி வண்டியை அப்படியே ஏற்றத்தில் பிடித்து வைத்தேன். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

"பிரேக்கைப் போடுங்களேன்" என்றாள் செல்வி.

"மலையில எப்படி நிறுத்தணும்னு எனக்குத் தெரியும். நீ பேசாம இரு."

லாரி திரும்பியபாடில்லை. நானும் விடவில்லை. நடுநடுவே தும்மல் வேறு. ஒவ்வொரு தும்மலுக்கும் கால் அழுந்தும், இன்ஜின் ஓவென்று அலறும், முன்னால் நின்ற வேன்காரர் திரும்பிப் பார்த்து முறைப்பார். ஒருவழியாக லாரி நகர்ந்து, நானும் பெருமிதத்தோடு மிதித்தேன். சத்தம் வந்தது. வேகம் வரவில்லை. டயலில் பல்சக்கரம் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஏதோ தீய்ந்த வாடை.

"ஏலே, கத்துது, போக மாட்டேங்குதேடா" என்றார் பெரியப்பா.

வண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு ஊர்ந்து, ஓர் ஓரமாக இடம் கிடைத்த இடத்தில் ஒதுங்கியது. உடனே இன்ஜினை அணைத்தேன். என் பாதிக் காதுக்கு நோய் புரிந்துவிட்டது. "பெல்ட்டு வழுக்குது!"

மில்லில் பெல்ட் வழுக்கினால் மெழுகு தடவுவோம். என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு மெழுகுத் துண்டு கிடக்கும். (அன்றைக்குப் பட்டுச் சட்டையிலும் கிடந்தது.) பானெட்டைத் திறந்தேன். கறுப்பாக ஒரு பெல்ட் கண்ணில் பட்டது. கையை விட்டுச் சுற்றிச் சுற்றித் தாராளமாகத் தடவினேன். அது ஏசிக்கு ஓடும் பெல்ட் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. திரும்ப ஸ்டார்ட் செய்தால் மஞ்சள் விளக்கு அப்படியே எரிந்தது; புதிதாகக் கீச்சு கீச்சு என்று ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது.

நேரத்தைப் பார்த்தேன். பத்தரைக்கு அதிக நேரம் இல்லை. கவிதா வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "எங்கண்ணே வந்துருவாக, எங்கண்ணே வந்துருவாக" என்று மாமியாரிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். அதை நினைத்தபோது உண்மையாகவே அழுகை வந்தது. மிளகாய்த்தூள் இருந்ததால் வெளியே தெரியவில்லை.

செல்வி ஒரு பாறை மேல் ஏறி நின்று, சிக்னலைப் பிடித்து, ஷோரூம் சர்வீஸுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். "சூடாயிருச்சாம். பார்க்கிங்ல போட்டு, இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா விடணுமாம். அந்த மஞ்ச லைட்டு அணைஞ்சதும் மெதுவா ஏறலாமாம்" என்றாள்.

"போன்ல என்ன தெரியும் அவுகளுக்கு? பெல்ட்டு போச்சு. நான் சத்தத்தைக் கேட்டேன்ல?"

அந்த நேரம் கீழே இருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஒன்று வந்தது. கையைக் காட்டி நிறுத்தினேன். உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"யாத்தே, மாலைகூட வாடல, அதுக்குள்ள படுத்துருச்சா?" என்றாள் ஒருத்தி.

"என்னண்ணே, கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு? அழுதீகளா?" என்றாள் இன்னொருத்தி.

"மிளகாப்பொடிம்மா."

"சும்மா அழுகண்ணே. புதுக்காரு நின்னா யாருக்கும் அழுகை வரத்தேன் செய்யும்."

விஷயத்தைச் சொன்னதும் கேலியை நிறுத்திவிட்டார்கள். காதுகுத்துச் சீர் என்றால் சும்மாவா? ஆளுக்கொரு தட்டை மடியில் வாங்கிக்கொண்டார்கள். வாழைத்தார் ஜீப்பின் மேலே ஏறியது. உள்ளே இடம் இல்லாததால் நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். "நீங்க ரெண்டு பேரும் வண்டிக்குக் காவல் இருங்க" என்று கத்தினேன். ஜீப் கிளம்பியதும் செல்வி சாலையின் நடுவே ஓடிவந்து இரண்டு கையையும் ஆட்டினாள். இத்தனை கஷ்டத்திலும் வழியனுப்புகிறாளே என்று நெகிழ்ந்துபோய் நானும் கையை ஆட்டினேன்.

போடிமெட்டு செக்போஸ்ட்டில் மலையாளப் போலீஸ்காரர் ஒருவர் ஜீப்பின் பின்னால் தொங்கிய பட்டுச் சட்டையையும் சிவந்த கண்ணையும் பார்த்து, "எந்தா சேட்டா, கரயுகயாணோ?" என்று பரிவோடு கேட்டார். அழவில்லை, மிளகாய் என்று விளக்குவதற்குள் ஜீப் நகர்ந்துவிட்டது.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மேளம் முழங்கியது. ஜீப்பில் வந்த பெண்கள் ஆளுக்கொரு தட்டோடு இறங்கி, வரிசையாக எனக்குப் பின்னால் வந்தார்கள். கவிதாவின் மாமியார் வாயைப் பிளந்தார்.

"மாமன் வீட்டுச் சனம் இம்புட்டுப் பேரா! வாங்காத்தா, வாங்க, எல்லாரும் உக்காருங்க" என்று அவர்களுக்குச் சந்தனமும் குங்குமமும் நீட்டினார். அவர்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாங்கிக்கொண்டார்கள். கவிதாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஆகா, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மடியில் பிள்ளையை வைத்தார்கள். ஒரு வயது யாழினி என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு ஒரு தும்மல் போட்டாள். பிறகு அழத் தொடங்கினாள். காது குத்தும் ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கம்மலை எடுங்க."

கம்மல் செல்வியின் கைப்பையில். கைப்பை செல்வியின் தோளில். செல்வி நடுரோட்டில் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு.

அப்போதுதான் எனக்கு அந்தக் கையாட்டலின் அர்த்தம் புரிந்தது. போன் செய்தேன், கிடைக்கவில்லை. மேளக்காரர் மூன்றாவது முறையாக முழக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மச்சான், ஜீப்பை எடுத்துக்கிட்டுக் கீழ போகட்டா?" என்றார் பெரிய மச்சான். போய் வருவதற்குள் ராகுகாலம் பிறந்துவிடும் என்று அவருக்கும் தெரியும்.

மாமியார் மெதுவாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பரவாயில்ல. எங்க வீட்டுக் கம்மல் ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுக்கிருவோம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் தாய்மாமன் மடியில் உட்கார்ந்த பிள்ளைக்கு அப்பன் வீட்டுக் கம்மல் என்றால், அதை அந்தத் தோட்டத்து ஏலச்செடிகூடப் பேசும். கவிதா கண் நிறைந்து, தலையைக் குனிந்துகொண்டாள். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் என்னை உணர்ந்ததில்லை. மாமியார் எழுந்து உள்ளே போனார்.

அப்போது கீழே சரிவில் இருந்து ஒரு சத்தம் கேட்டது. கீச்சு... கீச்சு...

என் பாதிக் காது அதை உடனே அடையாளம் கண்டுகொண்டது. அது நான் தடவிய மெழுகின் சத்தம்.

தோட்டத்து மண்பாதையில், மாலை போட்ட எங்கள் கார், கோயில் தேரின் வேகத்தில் ஏறி வந்தது. இன்ஜின் அலறவில்லை. முன்சீட்டில் பெரியப்பா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஓட்டிக்கொண்டு வந்தது செல்வி. டிரைவிங் ஸ்கூலில் படித்து லைசென்ஸ் வாங்கியவள்தான். "மலைப்பாதையெல்லாம் உனக்குச் சரிப்படாது" என்று நான் சாவியைக் கையில் கொடுக்காமலே வைத்திருந்தேன். அன்றைக்கு ஜீப்பில் தொற்றிய அவசரத்தில் அதை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

நிறுத்தினாள். இறங்கினாள். கைப்பையைத் திறந்து கம்மலை என் கையில் வைத்தாள். நான்தான் தாங்க முடியாமல் கேட்டேன்.

"எப்படி ஓட்டிட்டு வந்த?"

"அவுக சொன்ன மாதிரி லைட்டு அமர்ற வரைக்கும் விட்டேன். அப்புறம் என்ன, நம்ம ஸ்கூட்டர் மாதிரியேதேன் இருக்கு. கொஞ்சமா கொடுத்தா அதுபாட்டுக்கு ஏறுது. நீங்கதேன் அதைப் போட்டு மிதிமிதின்னு மிதிச்சீக."

(அவள் சொன்னது எவ்வளவு சரி என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவள் தினமும் ஓட்டும் கியர் இல்லாத ஸ்கூட்டருக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது: விரிந்து சுருங்கும் சக்கரம், நடுவில் ஒரு பெல்ட். எங்கள் வாசலில் வருஷக்கணக்காக ஒரு சிவிடி நின்றுகொண்டிருக்கிறது. பெல்ட் நிபுணருக்கு அது தெரியாது.)

ராகுகாலத்துக்கு முன்பே காது குத்தியாகிவிட்டது. யாழினி மலை அதிர அழுதாள். கவிதா சிரித்துக்கொண்டே அழுதாள். மாமியார் தான் எடுத்துவந்த கம்மலை முந்தானையில் முடிந்துகொண்டு, செல்விக்கு முதல் ஆளாகச் சந்தனம் கொடுத்தார்.

சர்வீஸில் வண்டியை விட்டபோது, கியர்பெட்டிக்கு ஒரு பாதகமும் இல்லை என்றார்கள். சூடு தாங்காத நேரத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அது வேகத்தைக் குறைத்ததாம். ஆயிலை மட்டும் மாற்றினார்கள். "ஏசி பெல்ட்டுல யாரு சார் மெழுகு தடவுனது?" என்று கேட்டார்கள். செல்வி என்னைப் பார்த்தாள். நான் சீட் கவரைப் பார்த்தேன். வருடங்கள் ஓடிவிட்டன, டீக்கடைக்காரர்கள் சொன்ன மாதிரி அந்த சிவிடி பெல்ட் அறுந்துபோகவில்லை. அந்த வண்டியை அதிகம் ஓட்டுவது செல்வி என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

போன மாதம் கவிதாவின் சின்னவனுக்குக் காதுகுத்து. அதே கோயில், அதே வெள்ளிக்கிழமைக் கணக்கு. அவள் எனக்குப் போன் செய்யவில்லை, செல்விக்குத்தான் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"மதினி, சீர், கம்மல் எல்லாத்தையும் நீங்க கார்ல கொண்டாந்துருங்க. அண்ணனுக்கு நாங்க ஜீப்பு அனுப்புறோம். அவுக மடி மட்டும் வந்தாப் போதும்."

ஜீப்பில்தான் போனேன். இப்போது எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் வைத்தாலும், மேளம் சொல்லியாச்சா, பந்தல் சொல்லியாச்சா என்று கேட்டுவிட்டு, கடைசியாக எவராவது ஒருவர் கேட்கிறார்: "மடிக்கு ஜீப்பு சொல்லியாச்சா?"